ஆராய்ச்சி பண்றவங்க பொதுமக்களுக்கு எழுதறது, வரையறது: திரும்பத் திரும்ப வர்ற கேள்விகள்

ஆராய்ச்சியாளர்கள் எழுதி அனுப்பற கட்டுரைகளை, துறைக்கு வெளியில இருக்கறவங்களுக்கும் புரியற மாதிரி திருத்திக் கொடுக்கறது என் வேலை. கூடவே படம் போடறவங்களுக்கும் அவங்களுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு முழிக்கற வேலையும். யார் வந்தாலும் சுத்திச் சுத்தி இதே கேள்விங்கதான், போன்ல சொல்லிச் சொல்லி தொண்டை வறண்டு போனதால மொத்தமா இங்க எழுதி வச்சுட்டேன். கேட்டவங்க வாயில வந்த மாதிரியே கேள்வியைப் போட்டிருக்கேன், மெருகு ஏத்தல.

பேப்பர் எழுதி முடிக்கறதுக்கே நாக்கு தள்ளுது மேடம். இதுல சாதாரண ஜனங்களுக்கு வேற எழுதணுமா?

கட்டாயம் ஒண்ணும் இல்ல. பிடிக்கலைன்னா விட்டுடுங்க, வேண்டாவெறுப்பா எழுதினது படிக்கறப்பவே தெரிஞ்சுடும். ஆனா உங்க பேப்பரை முழுசா படிக்கப்போறது உங்க துறையிலயே கொஞ்சம் பேர்தான், பக்கத்து ரூம்ல வேற துறையில இருக்கறவருக்கே அது தலையும் புரியாது காலும் புரியாது. பொதுமக்களுக்குன்னு எழுதினா முதல்ல பிரயோஜனப்படறது அந்தப் பக்கத்து ரூம்காரருக்குத்தான்.

இது ஒண்ணும் நேத்து வந்த பழக்கமும் இல்ல. கலிலியோ 1632ல தன்னோட பெரிய வாதத்தை அறிஞர்கள் மொழியான லத்தீன்ல எழுதாம இத்தாலியன்ல, மூணு பேர் உட்கார்ந்து பேசிக்கற மாதிரி எழுதினார். ஃபாரடே ஒரு பக்கம் ஆராய்ச்சி பண்ணிக்கிட்டே இன்னொரு பக்கம் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷன்ல சின்னப் பசங்களுக்கு கிறிஸ்துமஸ் லெக்சர் எடுத்தார், ஒரே ஒரு மெழுகுவர்த்தியை ஏத்தி வச்சுட்டு அது எரியறதுல ஆரம்பிச்சு நாம மூச்சு விடறது வரைக்கும் கொண்டுபோய் முடிச்சார். 1825ல ஆரம்பிச்ச அந்த வரிசை இன்னிக்கும் நடக்குது.

இதெல்லாம் பண்ணா சீரியஸான ஆளு இல்லைன்னு முத்திரை குத்திடுவாங்களே?

குத்துவாங்க, பொய் சொல்லி என்ன ஆகப்போகுது. கார்ல் சேகன் டிவியில விண்வெளி பத்திப் பேசி உலகம் பூரா தெரிஞ்ச ஆளு, 1992ல அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்துல உறுப்பினரா சேர்க்க அவர் பேர் வந்தப்போ ஓட்டுல அடிபட்டுப் போச்சு. ரெண்டு வருஷம் கழிச்சு அதே கழகம் கூப்பிட்டு பதக்கம் கொடுத்துச்சு, அது வேற கதை.

ஆனா பிரான்ஸ்ல சி.என்.ஆர்.எஸ்ங்கற அரசு ஆராய்ச்சி நிறுவனத்தோட ஆராய்ச்சியாளர்களை வச்சு 2008ல ஒரு ஆய்வு வந்துச்சு, வெளியில பேசறவங்க எழுதறவங்கதான் ஆராய்ச்சியிலயும் சராசரியை விட சுறுசுறுப்பா இருக்காங்கன்னு. எதனால எது வந்துச்சுன்னு அதுலேர்ந்து சொல்ல முடியாது, ஆனா "வேலை இல்லாதவன் பண்ற வேலை"ங்கற பேச்சுக்கு அது போதும். வேலை இன்னும் நிரந்தரம் ஆகாதவங்க மட்டும் கைடு காதுல ஒரு வார்த்தை போட்டுட்டு ஆரம்பிங்க.

சரி எழுதறேன். ஆனா முதல் வரியே வரமாட்டேங்குது.

ஒருத்தர் கொண்டுவந்த முதல் வரி இது: "நுண்ணுயிரிகள் தாமே சுரக்கும் புறச்செல் பல்படிக் கோவைக்குள் பொதிந்து, மேற்பரப்புகளில் ஒட்டி வாழும் கூட்டமைப்பு உயிர்ப்படலம் எனப்படும்." தப்பே இல்லாத வரிதான். நான் ஒண்ணே ஒண்ணு கேட்டேன், இதை நீங்க கடைசியா எப்போ தொட்டீங்கன்னு. லேப்ல கையுறை போட்டுத்தான் தொடுவோம்னார். இல்லப்பா, காலையில பல் தேய்க்கறதுக்கு முன்னாடி நாக்கால பல்லைத் தடவிப் பாரு, வழவழன்னு ஒண்ணு இருக்கே அது என்னன்னேன். சிரிச்சுட்டார்.

மறுநாள் வந்த வரி: "காலையில எழுந்ததும் நாக்கால பல்லைத் தடவினா வழவழன்னு படுதே, அது ஒரு ஊர். குடியிருக்கறது பாக்டீரியா. சுத்துச்சுவரும் அதுங்களே கட்டிக்கிட்டது. தனியா மிதக்கற பாக்டீரியாவைக் கொல்ற மருந்து இந்தச் சுவருக்குள்ள இருக்கறதை அசைக்க மாட்டேங்குது, ஏன்?" அந்த "ஏன்"தான் அவரோட அஞ்சு வருஷ ஆராய்ச்சி. பேப்பர்ல பின்னணி, முறை, முடிவுன்னு போவோம், இங்க படிக்கறவங்க கைக்கு எட்டற இடத்துல ஆரம்பிச்சு கேள்விக்குப் போகணும். பின்னணி வேணும்கற இடத்துல தானா வந்து நிக்கும்.

நான் எளிமையாத்தான் எழுதினேன், படிச்சவங்க புரியலைங்கறாங்க. அவங்க மேல தப்பா?

1990ல ஸ்டான்ஃபோர்டுல எலிசபெத் நியூட்டன்னு ஒருத்தர் தன் பிஎச்டிக்கு ஒரு சோதனை பண்ணாங்க. ஒருத்தர் எல்லாருக்கும் தெரிஞ்ச பாட்டை மனசுல ஓட்டிக்கிட்டு மேஜையில விரலால தாளம் தட்டணும், எதிர்ல இருக்கறவர் அது என்ன பாட்டுன்னு சொல்லணும். தட்டினவங்க, பாதியாவது கண்டுபிடிச்சுடுவாங்கன்னு நினைச்சாங்க. 120 பாட்டுல கண்டுபிடிச்சது 3. தட்டறவங்க காதுல முழுப்பாட்டும் மியூசிக்கோட ஓடுது, எதிர்ல இருக்கறவருக்கு கேக்கறது வெறும் டொக் டொக்.

நீங்க எழுதறப்பவும் இதேதான் நடக்குது. மருந்து ஒண்ணுதான், துறைக்கு வெளியில ஒருத்தரைப் படிக்கச் சொல்லுங்க, ஆனா "புரிஞ்சுதா?"ன்னு மட்டும் கேக்காதீங்க, எல்லாரும் மரியாதைக்குத் தலையாட்டிடுவாங்க. "இப்ப நீங்க எனக்குச் சொல்லுங்க"ன்னு கேளுங்க. எந்த இடத்துல திக்கறாங்களோ அந்த பாராவைத் திருப்பி எழுதுங்க.

கலைச்சொல்லைத் தமிழ்ல போடணுமா, இல்ல இங்கிலீஷ் வார்த்தையையே தமிழ் எழுத்துல போட்டுடலாமா?

இதுக்கு சண்டையே நடக்கும், நான் ஒரு பக்கமும் முழுசா இல்ல. கருந்துளை, மரபணு, ஒளிச்சேர்க்கை இதெல்லாம் நின்னுடுச்சு, ஏன்னா சொல்லைக் கேட்டதுமே பொருள் பாதி தெரிஞ்சுடுது. வைரஸ், பாக்டீரியா, டிஎன்ஏ இதுங்களுக்கும் தமிழ்ச் சொல் இருக்கு, இருந்தும் வாயில வர்றது இதுதான். நான் பண்றது, அது என்ன வேலை செய்யுதுன்னு முதல்ல ஒரு வரி, அப்புறம் பேர். பேரை முன்னாடி வச்சா மனப்பாடம் ஆயிடும். அப்புறம் ஒரு பேரைப் பிடிச்சா கடைசி வரைக்கும் அதே பேர்தான், நடை அழகா இருக்கணும்னு ஒரு பாராவுல செல், அடுத்ததுல உயிரணு, அதுக்கடுத்து கலம்னு மாத்தினா படிக்கறவங்க மூணு பொருள்னு நினைச்சுப்பாங்க.

இதை விட ஆபத்து தெரிஞ்ச வார்த்தைங்கதான். தெருவுல "அது சும்மா ஒரு தியரி"ன்னா ஊகம், உங்களுக்கு தியரின்னா ஆதாரங்களைத் தாங்கி நிக்கற கட்டடம். "கெமிக்கல் கலந்தது"ன்னா ஊர்ல விஷம்னு அர்த்தம், உங்களுக்கு தண்ணியும் கெமிக்கல்தான். புரியாத வார்த்தைன்னா நிறுத்தி யோசிப்பாங்க, தப்பாப் புரிஞ்ச வார்த்தையில வழுக்கிக்கிட்டே போயிடுவாங்க.

உவமை சொன்னா தப்பாப் போயிடுமோன்னு பயமா இருக்கு. சொல்லாம இருக்கலாமா?

சொல்லாம முடியாது. ஆனா பயம் நியாயம்தான், அணுவை சின்ன சூரிய மண்டலம் மாதிரி வரைஞ்ச படம் இயற்பியல்ல காலாவதி ஆகி எத்தனையோ காலம் ஆச்சு, இன்னும் லோகோவுலயும் பாடப் புத்தகத்துலயும் எலக்ட்ரான் சுத்திக்கிட்டே இருக்கு.

என் கதையும் இருக்கு. நோய் எதிர்ப்பு பத்தின ஒரு கட்டுரையில சிப்பாய், கோட்டை, எதிரின்னு அமர்க்களமா போக விட்டேன். கடைசி பாராவுல, சில நோய்கள்ல உடம்பு தன்னையே தாக்கிக்குது, அதுக்கு "சிப்பாய்கள் துரோகம் பண்றாங்க"ன்னு வந்துச்சு, அதையும் விட்டுட்டேன். அந்த நோய் இருக்கற ஒரு அம்மா எழுதினாங்க, "என் உடம்பே எனக்குத் துரோகின்னு படிச்சுட்டு ராத்திரி தூக்கம் வரல." உவமையை நான் விட்டிருக்க வேண்டிய இடத்துல விடல, அவ்வளவுதான். அதுலேர்ந்து, உவமை எங்க உடையுதுன்னு அதே பாராவுல ஒரு வரி கேட்டு வாங்கிடறேன். மேல பல்லுல இருக்கற ஊர்னு பார்த்தோமே, அதுலயும் "இந்த ஊருக்குத் தலைவர் கிடையாது, யாரும் திட்டம் போட்டுக் கட்டல"ன்னு அடுத்த வரியைச் சேர்த்தோம்.

சமன்பாடு போடலாமா?

ஒவ்வொரு சமன்பாட்டுக்கும் விற்பனை பாதியாக் குறையும்னு ஸ்டீபன் ஹாக்கிங்கை பயமுறுத்தினாங்க, 1988ல வந்த அவரோட புகழ்பெற்ற புத்தகத்துல ஐன்ஸ்டீனோட ஒரே ஒரு சமன்பாடுதான் இருக்கு. என் கணக்குல ஒண்ணு போடலாம், ஆனா அதுல இருக்கற ஒவ்வொரு எழுத்துக்கும் அறிமுகம் கொடுக்கற பொறுமை உங்களுக்கு இருந்தா.

படம்னா கட்டுரைக்கு நடுவுல போடற அலங்காரம்தானே?

இந்தக் கேள்விக்கு மட்டும் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும். 1609 ஜூலையில இங்கிலாந்துல தாமஸ் ஹேரியட்ங்கற கணித மேதை தொலைநோக்கியில நிலாவைப் பார்த்து வரைஞ்சார். ஒரு கரடுமுரடான கோடு, கொஞ்சம் கறை, அவ்வளவுதான். அந்த வருஷக் கடைசியில கலிலியோ பார்த்தார். ஒளியும் இருட்டும் சேர்ற கோடு பல்லு பல்லா இருக்கு, இருட்டுக்குள்ள தனியா சில புள்ளி மின்னுது, நேரம் ஆக ஆக அந்தப் புள்ளி பெருசாகி ஒளிப் பக்கத்தோட சேர்ந்துடுது. அப்போ அது மலை உச்சி, விடியற வெயில் முதல்ல அங்க படுதுன்னு பிடிச்சுட்டார், 1610ல படத்தோட வெளியிட்டார். ரெண்டு பேர் பார்த்ததும் ஒரே நிலா. கலிலியோவுக்கு ஓவியப் பயிற்சி இருந்துச்சு, நிழலைப் பார்த்தா மேடு பள்ளம் தெரியற கண்ணு அதுனாலதான் வந்துச்சுன்னு கலை வரலாறு படிச்சவங்க சொல்றாங்க, எனக்கும் அது சரின்னுதான் படுது.

வரையறப்ப தப்பிக்க முடியாது, அதான் விஷயம். எழுத்துல "புரதம் சவ்வோடு தொடர்புகொள்கிறது"ன்னு மழுப்பிடலாம். எங்க ஓவியர் ஒருத்தர் அப்படி எழுதினவரைப் பார்த்து, "உள்ளயா ஒட்டியிருக்கு, வெளியயா, குறுக்காலயா? எத்தனை வரையணும்?"னு பென்சிலோட கேட்டுட்டு உக்கார்ந்துட்டார். இவர் வாயைத் திறக்கல. ரெண்டு வாரம் கழிச்சு வந்து, அந்தக் கேள்விக்கு தங்க லேப்லயே மூணு பேர்கிட்ட மூணு பதில் இருந்துச்சுன்னு ஒத்துக்கிட்டார்.

எனக்குக் கோடு கூட நேரா வராதே, நான் என்ன பண்ண?

பால்பாயிண்ட் பேனாவுல வட்டமும் அம்புக்குறியும் போடுங்க, ஓவியருக்கு அது போதும். 1953ல டிஎன்ஏ இரட்டைச் சுருளை அறிவிச்ச கட்டுரையில இருக்கற அந்த பிரபலமான படத்தை வரைஞ்சது ஓடில் கிரிக், கட்டுரை எழுதின ரெண்டு பேர்ல ஒருத்தரான ஃபிரான்சிஸ் கிரிக்கோட மனைவி, அவங்க ஓவியர். விஞ்ஞானியே வரையணும்னு சட்டம் இல்ல.

வரையவே வேண்டாத படமும் இருக்கு. எட் ஹாக்கின்ஸ்ங்கற காலநிலை விஞ்ஞானி 2018ல பண்ணது வெறும் பட்டை. ஒரு வருஷத்துக்கு ஒரு பட்டை, குளிர்ந்த வருஷம் நீலம், சூடான வருஷம் சிவப்பு, எண் கிடையாது, அச்சு கிடையாது, எழுத்து கிடையாது. இடப்பக்கம் நீலத்துல ஆரம்பிச்சு வலப்பக்கம் போகப் போக ரத்தச் சிவப்பாகுது. எதையெல்லாம் விட்டுடலாம்னு துணிஞ்சு முடிவு பண்ணார் பாருங்க, வேலையே அதுதான்.

கண்ணுக்கே தெரியாத வைரஸுக்கு சிவப்பு கலர் அடிக்கறது பொய் இல்லையா?

கொரோனா வைரஸ் சுமார் 100 நானோமீட்டர், நம்ம கண்ணுக்குத் தெரியற ஒளியோட அலைநீளமே 400லேர்ந்து 700 நானோமீட்டர். அவ்வளவு சின்னதுக்கு நாம சொல்ற அர்த்தத்துல நிறமே கிடையாது. 2020ல உலகமே பார்த்த அந்த சாம்பல் பந்து, சிவப்பு முள்ளு, ரெண்டும் வரைஞ்சவங்க எடுத்த முடிவு. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கிப் படங்கள்ல கதை வேற, அது பார்க்கறது அகச்சிவப்பு, அதுல அலைநீளம் கூடுதலா இருக்கறதுக்கு சிவப்பு, குறைவா இருக்கறதுக்கு நீலம்னு வரிசை மாறாம நிறத்துக்கு மாத்தறாங்க. முதல்ல சொன்னது ஓவியரோட விருப்பம், ரெண்டாவதுல ஒரு விதி இருக்கு. ரெண்டும் பண்ணலாம், எது எதுன்னு படத்துக்குக் கீழ ஒரு வரி போட்டா பொய் இல்ல.

நிறம்னு வந்ததால ஒண்ணு. சிவப்பையும் பச்சையையும் மட்டும் வச்சு வித்தியாசம் காட்டாதீங்க, அந்த ரெண்டையும் பிரிச்சுப் பார்க்க முடியாதவங்க நிறைய பேர், அதுவும் ஆண்கள்ல.

கொஞ்சம் பெருசாக்கி, கொஞ்சம் மாத்தி வரைஞ்சா தெளிவாத் தெரியும்னா பண்ணலாமா? எது வரைக்கும்?

மேல சொன்ன கலிலியோவோட நிலாப் படத்துலயே ஒரு பள்ளம் நிஜத்தை விட ரொம்பப் பெருசு. ரமோன் இ கஹால் நரம்பு செல்லை வரைஞ்சார், 1906ல நோபல் வாங்கினார், அவர் படமும் ஒரே ஸ்லைடைப் பார்த்து நகல் எடுத்தது இல்ல, பல ஸ்லைடுல பார்த்ததைச் சேர்த்துப் போட்டது. ரெண்டு பேரையும் யாரும் மோசடின்னு சொல்லல.

ஆனா ஹேக்கல்ங்கற ஜெர்மன் உயிரியலாளரை சொன்னாங்க. 1868ல நாய், கோழி, ஆமை மூணோட கருவும் ஆரம்பத்துல ஒரே மாதிரி இருக்குன்னு காட்ட, ஒரே அச்சுக்கட்டையை மூணு தடவை அச்சடிச்சுட்டார். எது ஒரே மாதிரி இருக்குன்னு நிரூபிக்கணுமோ அதையே படத்துல செஞ்சு வச்சுட்டார். அதனால என் அளவுகோல் இது: நீங்க மாத்தின அந்த இடத்தைத்தான் படிக்கறவர் ஆதாரமா எடுத்துப்பாரா? ஆமான்னா கை வைக்காதீங்க. பள்ளம் பெருசா இருந்தாலும் நிலாவுல பள்ளம் இருக்குங்கறது மாறல.

கவிதை, காமிக்ஸ், டான்ஸ்னெல்லாம் பண்றாங்களே, அதுல அறிவியல் நிக்குமா?

சிலதுல நிக்கும். 2013ல ஐபிசிசிங்கற ஐ.நா. காலநிலைக் குழு வெளியிட்ட அறிக்கை, ஆயிரம் பக்கத்துக்கு மேல, அதை கிரெகரி ஜான்சன்ங்கற கடலியல் விஞ்ஞானி 19 ஹைக்கூவா சுருக்கி ஒவ்வொண்ணுக்கும் தானே வாட்டர்கலர் போட்டார். அதைப் படிச்சு யாரும் காலநிலை விஞ்ஞானி ஆகப்போறதில்ல, ஆனா அறிக்கையைத் திறந்தே பார்க்காதவங்க அதைப் படிச்சாங்க. பிஎச்டியை ஆடிக்காட்டற போட்டியே 2008லேர்ந்து இருக்கு. எனக்கு ஆட்டத்தை விட, எந்த அசைவு எந்த மூலக்கூறுன்னு அவங்களுக்குள்ள சண்டை போடறது பிடிக்கும், அது மேல சொன்ன பென்சில் கேள்விதான்.

"ஆபத்து இரண்டு மடங்கு"ன்னு தலைப்பு போட்டா நாலு பேர் படிப்பாங்க. உண்மைதானே?

உண்மைதான், அதனாலதான் ஆபத்து. 1995ல பிரிட்டன்ல, புது வகை கருத்தடை மாத்திரையால ரத்தம் உறையற ஆபத்து ரெண்டு மடங்காகுதுன்னு எச்சரிக்கை வந்துச்சு. ஆய்வுல இருந்தது, 7000 பேர்ல ஒருத்தருக்கு வந்துக்கிட்டிருந்தது ரெண்டு பேருக்கு வருதுன்னு. பயந்துபோய் நிறைய பெண்கள் மாத்திரையை நிறுத்திட்டாங்க, அடுத்த வருஷம் இங்கிலாந்து, வேல்ஸ்ல மட்டும் சுமார் 13,000 கருக்கலைப்பு கூடுதலா நடந்துச்சுன்னு மதிப்பிட்டாங்க. கர்ப்பத்துல ரத்தம் உறையற ஆபத்து அந்த மாத்திரையை விட அதிகம்ங்கறதுதான் கொடுமை. "மடங்கு", "சதவீதம்" எழுதினா எத்தனை பேர்ல எத்தனை பேர்னு பக்கத்துலயே போடுங்க, தலைப்புலயும்.

எல்லாத்துக்கும் "இருக்கலாம்", "கூடும்"னு போடச் சொல்றார் கைடு. படிக்கவே சப்புனு இருக்கே?

வரிக்கு வரி தெளிச்சா சப்புனுதான் இருக்கும், எது உறுதி எது சந்தேகம்னும் தெரியாது. உறுதியானதை நிமிர்ந்து சொல்லுங்க. சந்தேகம் இருக்கறதை ஒரு பாராவுல மொத்தமா, ஏன் சந்தேகம், எது நடந்தா தீரும்னு எழுதுங்க. பாதிப் பேருக்கு அந்த பாராதான் கட்டுரையிலயே சுவாரசியமா இருக்கும்.

ஓவியர் அழகா வரைஞ்சுட்டார், ஆனா தப்பு. எப்படிச் சொல்றது?

வரைய ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி சொல்லியிருக்கணும். எது மாறவே கூடாது, எது அவர் இஷ்டம்னு ரெண்டு பட்டியல் கொடுத்துடுங்க, பென்சில் நிலையிலயே ஒரு தடவை பார்த்துடுங்க. கலர் அடிச்சு முடிச்ச அப்புறம் "அந்த ஹீலிக்ஸ் தலைகீழா சுத்துது"ன்னா யாருக்கா இருந்தாலும் வலிக்கும். (டிஎன்ஏ வலப்பக்கம் சுத்தும். இடப்பக்கம் சுத்தற டிஎன்ஏவை அட்டைப்படத்துலயே நான் பார்த்திருக்கேன்.) அப்புறம் பணம், பேர். ரெண்டும் கொடுங்க. "உங்களுக்கு நல்ல விளம்பரம்"னு சொல்லி ஓசியில வாங்காதீங்க.

ஏஐ கிட்ட சொன்னா ஒரு நிமிஷத்துல படம் வந்துடுதே?

2024 பிப்ரவரியில ஒரு ஜர்னல்ல அப்படி வந்த எலிப் படம் அச்சேறிச்சு, எலிக்கு பிறப்புறுப்பு உடம்பை விடப் பெருசு, பக்கத்துல எந்த மொழியிலயும் இல்லாத வார்த்தைங்க. ரிவ்யூ தாண்டி வந்துடுச்சு, சில நாள்ல பேப்பரையே திரும்ப எடுத்துட்டாங்க. எலின்னா சிரிச்சுட்டுப் போயிடலாம், சவ்வுல எத்தனை புரதம்னு தப்பா வந்தா யாருக்குத் தெரியும்? மேல பென்சிலோட உட்கார்ந்தவர் கேட்டாரே ஒரு கேள்வி, ஏஐ அதைக் கேக்காது, ஏதோ ஒண்ணைப் போட்டு நிரப்பிடும். மனநிலை காட்டற பின்னணிப் படம்னா, ஏஐ போட்டதுன்னு கீழ எழுதிட்டு பயன்படுத்துங்க. விளக்கப் படத்துக்கு நான் சம்மதிக்கறதில்ல.

பேப்பர் வர்றதுக்கு முன்னாடியே எழுதிடலாமா? என் பேப்பர்ல இருக்கற என் சொந்தப் படத்தையே போடலாமா?

வெளியில வந்துட்ட ஆய்வை எங்க ஜர்னல்ல போடமாட்டோம்னு ஒரு மருத்துவ ஜர்னல் 1969ல வச்ச விதியை அப்புறம் பலபேர் பிடிச்சுக்கிட்டாங்க. இப்ப ப்ரீப்ரிண்ட்டை, அதாவது ஜர்னல்ல வர்றதுக்கு முன்னாடியே நீங்க இணையத்துல போடற பேப்பரை, நிறைய ஜர்னல் ஏத்துக்குது, பத்திரிகைக்குச் சொல்றதுல மட்டும் இன்னும் தேதிக்கட்டுப்பாடு இருக்கும். உங்க ஜர்னல் விதியைப் படிச்சுட்டு செய்ங்க.

சொந்தப் படத்துலதான் நிறைய பேர் மாட்டறாங்க. கையெழுத்துப் போட்டு உரிமையைப் பதிப்பாளருக்குக் கொடுத்திருந்தா, நீங்க வரைஞ்ச படத்துக்கு நீங்களே அனுமதி கேக்கணும். சிசி பை (CC BY)ங்கற பொது உரிமத்துல வந்ததுன்னா மூலத்தைக் குறிப்பிட்டுட்டு யார் வேணா போடலாம். சந்தேகம்னா அதே தரவை வச்சு புதுசா வரைஞ்சுடுங்க, பொதுமக்களுக்கு எப்படியும் அந்தப் பழைய படம் புரியப்போறதில்ல.

தப்பா வந்துடுச்சு. சத்தம் போடாம மாத்திடவா?

மாத்துங்க, ஆனா சத்தம் போட்டு. எங்க படம் ஒண்ணுல அளவுகோல்ல நானோமீட்டர்னு போட வேண்டிய இடத்துல மைக்ரோமீட்டர்னு விழுந்துடுச்சு, வைரஸ் தலைமுடி தடிமனுக்கு வந்து நிக்குது, நாலு பேர் சரிபார்த்தும் ஒருத்தர் கண்ணுலயும் படல. எழுதினது ஒன்பதாவது படிக்கற பையன். திருத்தி, மேலயே தேதி போட்டு என்ன தப்புன்னு எழுதி, அவனுக்கு நன்றி சொல்லி மெயில் அனுப்பினேன். பதில் உடனே வந்துச்சு: "சரி, ஆனா ஏற்கனவே பார்த்தவங்களுக்கு எப்படித் தெரியும்?" அது எனக்குத் தோணவே இல்ல. முதல் தடவை படத்தை எங்கெல்லாம் அனுப்பினோமோ அந்தப் பட்டியலைத் தேடி எடுத்து, திருத்தினதை அங்கெல்லாம் திரும்ப அனுப்பினோம், மூணு நாள் ஆச்சு.